எண்பத்து நான்கு நாள் அட்டவணை

1981 செப்டெம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. தோட்டத் தொழிலாளர் நெடுந்தூர ஓட்டத்தின் பரிசளிப்பு மேடையில், பெண்கள் பிரிவில் முதலிடம் பெற்ற நாகலெட்சுமியின் பயிற்சியாளர் எனப் பேக்கரிப் பாண் வியாபாரி பைஸருக்கு மாலை அணிவித்தார்கள். அவளுக்காக எண்பத்து நான்கு நாள் பயிற்சி அட்டவணையை எழுதிய நான், மூன்றாம் வரிசையில் அமர்ந்து கைதட்டினேன். இது அநீதி. அறிவிப்பாளர் "ஒரு அனுபவசாலி" என்று பிழையாகச் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். "ஓர்" என்பதே சரி. மாலையைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் ஞானரட்ணம். நோர்வூட்டுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையில் முப்பத்தொரு வருடங்கள் கற்பித்து ஓய்வு பெற்றவன். வாலிபத்தில் ஆசிரிய கலாசாலைக்காக மூன்று மைல் ஓடிப் பதக்கம் வென்றவன். நாகலெட்சுமி என் பழைய மாணவி, முப்பத்தொரு வயது, தேயிலைக் கொழுந்து பறிப்பவள், ஒரு பிள்ளைக்குத் தாய். முந்திய வருடம் எந்தப் பயிற்சியும் இல்லாமல் நோர்வூட்டிலிருந்து ஹட்டன் வரை ஓடி நான்காவதாக வந்தாள். முதலாவதாக வருபவருக்குக் கொழும்பில் நடக்கும் ஓட்டத்தில் இடமுண்டு. அந்த இடம் வேண்டுமென்று ஜூன் மாதத்தில் என்னிடம் அவளே வந்து கேட்டாள்.

நான் எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் சிவப்பு மையால் கோடிட்டு அட்டவணை எழுதினேன். திங்கள் ஐந்து மைல், மெதுவாக. செவ்வாய் கால் மைல் வேக ஓட்டம், எட்டு முறை. புதன் நான்கு மைல். வியாழன் ஏற்றப் பயிற்சி. வெள்ளி ஓய்வு. இவ்வாறு பன்னிரண்டு வாரங்கள். ஓடிய நாளுக்கு அவள் சரி அடையாளம் இட வேண்டும். மாலையில் தோட்ட மைதானத்தில் நிறுத்தற்கடிகாரத்துடன் நான் நிற்பேன். பிள்ளைக்குச் சுகமில்லை, வீட்டில் வேலை என்று அவள் சில மாலைகளில் வராதபோதும் நான் சந்தேகிக்கவில்லை. மூன்று மைலுக்கு இருபத்து மூன்று நிமிடம் எடுத்தவள், ஓகஸ்ட் நடுப்பகுதியில் இருபத்தொரு நிமிடம் பத்து விநாடிக்கு வந்துவிட்டாள். நான் பூரித்திருந்தேன்.

பிறகுதான் கொப்பியைப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று நாட்களுக்குச் சரி அடையாளம் இல்லை.

"இந்த நாளெல்லாம் ஏன் ஓடல நாகலெட்சுமி?"

"பாண் நானா வேணாம்னாங்க மாஸ்டர்."

"எந்தப் பாண் நானா? பைஸரா? அவனுக்கு ஓட்டத்தப் பத்தி என்ன தெரியும்?"

"ஓட்டம் தெரியாதுங்க. மலை தெரியும்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை விடியலில், வாழ்க்கையில் முதன்முறையாகப் பெரட்டுக்களத்துக்குப் போனேன். தொழிலாளரை வரிசையில் நிறுத்தி, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம் அது. பாடசாலை மணி எட்டு மணிக்குத்தான் அடிக்கும். ஆகவே முப்பத்தொரு வருடங்களில் எனக்கு அங்கே வேலை இருந்ததில்லை.

"என்னங்க மாஸ்டரு, கூடையக் காணோம்?" என்றார் வீரய்யா கங்காணி. "கூடையில்லாம வந்தா பேரு போட மாட்டேங்க!"

பெண்கள் சிரித்தார்கள். பைஸர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டுப் பின்பெட்டியிலிருந்து பாண் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கங்காணி உரத்த குரலில், "பொம்பளையாளுக எல்லாம் ஏழாம் நம்பர் மலைக்கு!" என்றார்.

பைஸர் தலையை உயர்த்தி நாகலெட்சுமியைப் பார்த்தான். "தங்கச்சி, ஏழாம் நம்பரா? அப்ப இண்டைக்கு ஓட வேணாம். பின்னேரம் கால சுடுதண்ணில வெச்சிட்டுப் படு. நாளைக்கு ரோட்டோர மலை கெடச்சா நல்லா ஓடு."

எனக்கு உறைத்தது. ஏழாம் இலக்க மலை செங்குத்தானது. நிறைந்த கூடையோடு கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அவள் மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். எந்த மலை என்பது விடிந்த பிறகுதான் அவளுக்கே தெரியும். அன்றைய நாளுக்கு என் அட்டவணை விதித்திருந்ததோ கால் மைல், எட்டு முறை. கூலிக்கு மலை ஏறுபவளின் கால்களை, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் கால்களாக எண்ணி எழுதியிருந்தேன்.

அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்டது வருத்தமன்று, பொறாமை. சொல்லின் பொருள் தெரிந்தே எழுதுகிறேன்.

"யாரக் கேட்டு என் அட்டவணைய மாத்துறே?" என்றேன். "பயிற்சின்னா பாண் இல்ல, நெனச்ச எடத்துல வெட்ட!"

"பாணையும் ஆறின பொறகுதான் வெட்ட ஏலும் மாஸ்டர்," என்றான் பைஸர். கேலியாகச் சொல்லவில்லை, தொழிலைச் சொன்னான். ஆனால் பெரட்டுக்களமே சிரித்தது. வீரய்யா கங்காணி தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

போட்டிக்கான விண்ணப்பப் படிவம் அந்த வாரம் என் பெயருக்குத் தபாலில் வந்தது. செப்டெம்பர் நான்காம் திகதிக்குள் ஹட்டனில் ஒப்படைக்க வேண்டும். நான் அதை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். நாகலெட்சுமி வந்து கேட்டாள்.

"கொப்பியில உள்ளபடி ஒரு நாள் விடாம ஓடு. தாரேன்," என்றேன்.

அவள் கொப்பியை எடுத்துக்கொண்டாள். "சரிங்க மாஸ்டர்," என்றாள்.

ஒன்பது நாட்கள் ஓடினாள். அவற்றுள் ஆறு நாட்கள் பெண்களுக்கு ஏழாம் இலக்க மலையே கிடைத்தது. கடிகாரம் இருபத்தொன்றிலிருந்து இருபத்திரண்டுக்கும், அங்கிருந்து இருபத்து மூன்றுக்கும் போனது. நான் அந்த எண்களைக் கொப்பியில் குறித்தேன். குறித்துவிட்டு, அடுத்த நாளும் ஓடச் சொன்னேன். ஒன்பதாம் நாள் ஆறாவது சுற்றில் அவள் மைதானத்தின் வடிகான் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வீங்கிப் பளபளத்தது.

"இன்னும் ரெண்டு சுத்துதாங்க மாஸ்டர். எந்திரிச்சிருவேன்," என்றாள். "ஃபாரத்த மட்டும் குடுக்காம வெச்சுக்காதீங்க."

அவள் அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அவள் கெஞ்சினாள். அதுவும் வலியைக் குறைக்கச் சொல்லியன்று.

வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்தேன். பெயர், வயது, தோட்டம், பிரிவு: யாவற்றையும் பிழையின்றி நிரப்பினேன். "பயிற்சியாளர்" என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. என் பெயரை எழுதக் கை எழவில்லை; அவன் பெயரை எழுத மனம் எழவில்லை. வெறுமையாக விட்டேன்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், நாள்தோறும் ஹட்டனுக்குப் போய்வரும் பைஸரிடமே அதைக் கொடுத்தேன்.

"மாஸ்டர், இதுல ஒண்டு எழுதாம ஈக்குதே?"

"அவகிட்டயே கேட்டுக்க. இனிமே அவ எப்ப ஓடணும்னும் நீயே சொல்லு," என்றேன்.

நாகலெட்சுமி கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் படிவத்தை வைத்து, "பைஸர்" என்று எழுதினாள். மூன்றே எழுத்துகள்; தெளிவான எழுத்துகள். அவற்றை இரண்டாம் வகுப்பில் அவளுக்குக் கற்பித்தவன் நான்.

ஒரு வாரம் அவளை ஓடவே விடாமல் பைஸர் வீக்கத்தை வற்றவைத்தான். பிறகு மலையைப் பார்த்துப் பார்த்து ஓடவைத்தான். போட்டியில் இரண்டாவதாக வந்தவளைவிட முப்பத்தெட்டு விநாடி முந்தி ஓடி முடித்தாள். கொழும்பில் அவளுக்கு இடம் கிடைத்தது.

பரிசளிப்பு மேடையில் மாலை கழுத்தில் விழுந்ததும் பைஸர் ஒலிவாங்கியைப் பிடித்து, "மாஸ்டர்ட கொப்பி இல்லாட்டி எங்களுக்கு எவ்வளவு தூரம் ஓடுறதெண்டே தெரியாது. மாஸ்டர், மேல வாங்க!" என்று கூப்பிட்டான். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நாகலெட்சுமியும் கையசைத்து அழைத்தாள். நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சைகை காட்டினேன். பொய்.

வாசகரே, என் தவறை மறைக்காமல் எழுதிவிட்டேன். பெரட்டுக்களத்துக்குப் போகாமல் அட்டவணை போட்டது தவறென்று சொல்லுங்கள்; ஏற்கிறேன். படிவத்தைப் பூட்டி வைத்தது இழிவென்று சொல்லுங்கள், அதையும் ஏற்கிறேன். ஆனால் பைஸர் நல்லவன் என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். அது எனக்குத் தெரியும்.