பிஸ்கட் டப்பா

பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த, உடலை வைத்துத் தூக்கிப்போகும் சந்தூக்கை வாசலில் இறக்கிவிட்டுத் தாஜ் முகம்மது பந்தலுக்குள் வந்தபோது, அவன் லாத்தாவின் வீட்டுக்காரர் சேக் முகம்மது அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அவன் அக்கா, லாத்தா ஆபிதா பீவியின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மேலப்பாளையத்தில் அந்தக் கதையைக் கேட்காதவர்கள் இல்லை.

"சிலோன்ல, மன்னார் தீவுல இவங்க வீட்டுக்குப் பொறத்தாலயே கடலாம். கழுதைங்க தெருவுல சும்மா திரியுமாம். கலவரத்துல தோணி ஏறி வரும்போது, இவ வாப்பா வீட்டுப் பத்திரத்த ஒரு பிஸ்கட் டப்பாவுல வச்சுக் கொண்டாந்திருக்காரு. இவ நடுக்கடல்ல பறக்கவிட்டுட்டா. வீட்டையே கடல்ல போட்ட பொம்பளையத்தாம்வே நான் கட்டுனேன்."

சிரிக்கப் பார்த்தார். முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தாஜ் தலை குனிந்தான். அன்றைக்கு டப்பா அவன் மடியில் இருந்தது. எட்டு வயது, விடிந்ததிலிருந்து பட்டினி. உள்ளே பிஸ்கட் இருக்கும் என்று நினைத்துத் திறந்தான். தாளைக் காற்று கொண்டுபோனது. வாப்பா கையை ஓங்கித் திரும்பியபோது, "நான்தான் தொறந்தேன்" என்றாள் பதின்மூன்று வயது லாத்தா.

அடி ஆறிவிட்டது. ஆனால் தீவில் போய் வீட்டைக் கேட்பதற்கு வாப்பாவின் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. மௌத்தாகும் வரை அவர் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. தாஜ் படித்தான், சென்னைக்குப் போனான், பெருநாளுக்குப் பெருநாள் வந்து எல்லோரோடும் சேர்ந்து அந்தக் கதைக்குச் சிரித்தான். வெட்கங்கெட்ட சிரிப்பு.

பள்ளிவாசலில் மதியத் தொழுகை லுஹர் முடிந்து ஜனாஸாத் தொழுகைக்கு வரிசை நின்றார்கள். லாத்தாவின் மகன் அப்ரார் முன்னால் வந்தான். எல்லா மௌத்துக்கும் கேட்பதுதான்.

"எங்க உம்மா யாருக்காவது மனசு நோக நடந்திருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடுங்க."

"பொறுத்தோம்" என்றது கூட்டம்.

தாஜுக்கு அந்தச் சொல் வரவில்லை. அவளைப் பொறுக்க இவன் யார்? இப்போது விட்டால் பழியோடு மண்ணுக்குள் போய்விடுவாள்.

"பத்திரத்தத் தொலைச்சது லாத்தா இல்ல" என்றான் சத்தமாக. "நான்தான் டப்பாவத் தொறந்தேன். எனக்காக அவ அடி வாங்குனா."

சேக் முகம்மது வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தியளா, கூடப்பொறந்தவன்னா இவன்தான். அவ போற நேரத்துல பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுதான்."

"இல்ல மச்சான், நெசமாவே நான்தான்..."

"சரிடே, அழாத. பைய வா."

பக்கத்திலிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை முன்வரிசையில் நிறுத்தினார்கள். மையவாடியிலும் மூன்று பிடி மண் போட அவனுக்குத்தான் முதலில் வழி விட்டார்கள்.

அடக்கிவிட்டு வந்ததும், பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது. அப்ரார் உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்து தாஜின் மடியில் வைத்தான்.

"காலையிலேருந்து ஒண்ணும் திங்கலயே மாமா. பிஸ்கட்டுதான். நீங்க பெருநாளுக்கு வருவியன்னு உம்மா வாங்கி வச்சிருந்தாவ. எங்க யாரையும் தொட விடல."

டப்பாவைச் சுற்றி ஒட்டியிருந்த டேப் பிரிக்காமல் இருந்தது. தாஜ் இரண்டு கைகளையும் மூடியின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"தொறங்க மாமா" என்றான் அப்ரார்.