குரலா, பேஸா

டிங்கர் வேலை செய்கிறவர்களின் சொந்தக் காரைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஊரார் வண்டிகளின் நசுங்கலையெல்லாம் தட்டித் தட்டிப் புதுசு போல ஆக்கிக் கொடுப்பார்கள். தங்கள் வண்டியைச் சொட்டையும் சொள்ளையுமாக ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த டிங்கரும் அப்படித்தான். அவர் காரில் பாட்டு செட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. அதை எப்படியாவது அடைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவர் மனைவி.

அவளைப் பாட்டுப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காருக்குள் இருந்த மௌனம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. காலையில் அவளைத் தையல் யூனிட்டில் இறக்கிவிட்டு அவர் பட்டறைக்குப் போவார். சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவார். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருப்பதே அந்த நேரம்தான். அந்த நேரத்தில் அவர் வாயைத் திறப்பதில்லை.

இரண்டு வருஷமாக இப்படித்தான், அவள் அம்மா செத்துப்போனதிலிருந்து. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது உடனே போகலாம் என்று இவள் கெஞ்சினாள். "ஞாயித்துக்கிழமை போலாம்" என்றார் அவர். சனிக்கிழமையே அம்மா போய்விட்டாள். எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், காரில் வைத்து இவள் மெல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா? வாசலையே பாத்துட்டுக் கெடந்தாங்களாம்." அவர் இண்டிகேட்டரைப் போட்டார், இடது பக்கம் திரும்பினார், அவ்வளவுதான். கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகும் காரில் தினமும் விடாமல் சொல்லிப் பார்த்தாள். சுவரோடு பேசியிருந்தாலும் கொஞ்சம் எதிரொலித்திருக்கும். வீட்டில் நேருக்கு நேர் நின்று சோறு, சாமான் என்று ஏதாவது கேட்டால் "ம்", "சரி" என்று ஏதோ வரும். உடனே டிவியை அலறவிட்டுவிடுவார், தன் பேச்சைக் காதில் வாங்கக் கூடாதென்றே செய்கிறார் என்று அவள் நினைத்தாள்.

மனசு விட்டுப்போயிற்று. அவள் அக்கா தன் வீட்டு மாடி அறையை ஒழித்து வைத்துவிட்டு, "வந்துடு, எதுக்கு அந்த ஊமைக்கோட்டானோட மாரடிக்கற?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். போவதற்கு முன் கடைசி முயற்சிதான் இந்தப் பாட்டு செட். இரண்டு பேருக்கும் நடுவில் யாரோ ஒருவர் குரல் ஓடிக்கொண்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். அதுவும் உதவாது என்றால் துணிமணியைக் கட்டிவிடுவது.

கடையின் ஒரு சுவர் முழுக்க ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். இவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுக் கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும்.

"இந்த பட்ஜெட்டுக்கு ரெண்டுல ஒண்ணுதான்க்கா. பாடறவங்க குரல் சுத்தமா வேணும்னா, கீச்சு சத்தத்துக்குன்னே ட்வீட்டர்ங்கற குட்டி ஸ்பீக்கர் தனியா வர்ற இந்த ஜோடி. வண்டி அதிரணும்னா அந்த பேஸ் பெட்டி. ரெண்டும் வேணும்னா வண்டியை வித்துட்டுத்தான் வாங்கணும்."

"குரல்தான்" என்றாள் அவள்.

"பேஸ்" என்றார் டிங்கர், அதே நேரத்தில்.

இதிலும் எதிர்க்கட்சியா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சண்டை வேணாம், போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று கடைக்காரர் பேஸ் பெட்டியை ஓடவிட்டார். தரை அதிர்ந்தது. டிங்கரின் முகம் மலர்ந்துபோயிற்று. தொடையில் தாளம் போட்டார். அந்த முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அடுத்து அந்த ஜோடி. ஒரு பெண் பாடினாள். "இதுல ட்வீட்டர் என்ன வேலை செய்யுதுன்னு தனியாக் காட்டறேன்" என்று கடைக்காரர் பெரிய ஸ்பீக்கரை மட்டும் அணைத்தார். பாட்டின் மேல்பக்கம் மட்டும் மிஞ்சியது, மெல்லிசாக, கூர்மையாக. அவளுக்குப் பல் கூசியது.

டிங்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? போடுங்க."

அவர் கிண்டல் செய்கிறார் என்று கடைக்காரர் சிரித்தார். "ஓடுதே அண்ணே."

"எங்க ஓடுது?"

கடைக்காரர் சத்தத்தை ஏற்றினார். வாசலில் நின்ற ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். டிங்கர் குனிந்து, நசுங்கிய கதவைப் பார்ப்பதுபோல் ட்வீட்டரை உற்றுப் பார்த்தார். "ஒயர் விட்டிருக்கும், பாருங்க" என்றார்.

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. வருஷக்கணக்காக இரும்புத் தகட்டைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்த காது அது. பட்டறையில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள்; அங்கே வித்தியாசம் தெரிந்திருக்காது. இவளுடைய குரலோ சின்ன வயசிலிருந்தே கீச்சுக் குரல். வீட்டில் இவள் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார். காரில் அவர் சாலையைப் பார்த்தாக வேண்டும்.

"அப்புறம் வரோம் தம்பி. அதுக்கு முன்னாடி வேற ஒரு செலவு இருக்கு" என்றாள்.

"சரிக்கா" என்றார் கடைக்காரர். அதற்கு மேல் அவர் வியாபாரம் பேசவில்லை.

காரில் ஏறியதும் அவர் சாவியைத் திருகுவதற்குள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பினார். "உங்க காதை டாக்டர்கிட்ட காட்டணுங்க. பாட்டு ஓடிட்டுத்தான் இருந்துச்சு" என்றாள், ஒவ்வொரு வார்த்தையாக.

அவர் அவளையே பார்த்தார். "எனக்கா? நீதான மெல்லப் பேச ஆரம்பிச்ச? உங்கம்மா போனதுலேர்ந்து உன் குரலே உள்ள போயிடுச்சு. கொஞ்சம் சத்தமாப் பேசும்மான்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டியரிங்கைத் தடவினார். "யாரோ ஒருத்தன் வண்டியை முடிச்சுக் குடுக்கணும்னு உன்னை ஞாயித்துக்கிழமை வரைக்கும் இழுத்தடிச்சேன். நீ என்னைத் திட்டுவ, சட்டையைப் புடிச்சு உலுக்குவன்னு தெனமும் இந்த வண்டியில காத்துட்டிருந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லல. பேசாமலே தண்டிக்கறன்னு நெனச்சுக்கிட்டேன்."

"சொன்னேங்க" என்றாள்.

அவர் எதிரே தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் காதில் விழவில்லை.

அவள் அவருடைய முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, தொண்டை கிழிய, "தெனமும் சொன்னேங்க" என்று கத்தினாள். இந்தத் தடவை விழுந்தது. பதில் சொல்ல அவர் வாயெடுத்தார், அழுகைதான் வந்தது.