ஆளுக்கொரு ஆஸ்பிரின்

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த அன்று, அப்பா கடையில் சோபா உறை தைக்கும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் வழிந்து துணியில் இறங்கியது. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் அவர்கள் இருவருக்கும் தனித்தனி மருந்து என்று இருந்ததே கிடையாது. ஒருவர் இருமினால் இருவரும் சிரப் குடிப்பார்கள். அப்பா கண்ணுக்குச் சொட்டு விட்டுக்கொண்டால், அடுத்து அம்மா அண்ணாந்து காத்திருப்பாள். கிண்டல் செய்து செய்து நான்தான் ஓய்ந்துபோனேன். அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஆஸ்பிரின் என்று எழுதிக்கொடுத்தபோதும் அதே கூத்துதான். "எனக்கு நல்லதுன்னா உனக்கும் நல்லதுதானே" என்று அவரே பிரித்து நீட்டினார். அம்மாவுக்கு வயிற்றில் பழைய புண் இருப்பது இருவருக்கும் தெரியும். இதயத்துக்கு முன்னால் வயிறெல்லாம் ஒரு விஷயமா என்று இருந்துவிட்டார்கள், பாவிகள். ஒருநாள் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் ரத்தமாக வாந்தி எடுத்துச் சரிந்தாள்.

டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "அவருக்கு ஏற்கனவே அடைப்பு வந்தாச்சு. அவர் நிறுத்தினா ஆபத்து. உங்களுக்கு இதயத்துல ஒண்ணுமில்ல, வயித்துலதான் புண். நீங்க போட்டா ஆபத்து. மாத்திரை ஒண்ணுதான், ஆள் வேற."

அப்பா காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. வீடு திரும்பிய மறுநாள் காலை அம்மா மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"எப்போலேர்ந்து போடல?"

"நீ விழுந்ததுலேர்ந்து."

"ஏங்க?"

"என் கையாலதானே உனக்குக் குடுத்தேன்."

"நான் பொழச்சு வந்தது உங்கள வழியனுப்பவா?" என்றாள் அம்மா.

எனக்கு இருவர் மேலும் ஆத்திரமாக வந்தது. அதைவிட, பயமாக இருந்தது. இவர்களில் ஒருவர் போனால் இன்னொருவர் எத்தனை நாள் தாங்குவார் என்று யோசிக்கவே முடியவில்லை.

அம்மா ஒரு மாத்திரையைப் பிரித்தாள். அப்பா சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்தார். நாக்கில் வைத்தாள். அவர் விழுங்கவில்லை. தண்ணீரைக் கையில் கொடுத்தாள், வாங்கவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை கரைந்து வாயெல்லாம் கசந்திருக்கும். டம்ளரை நீட்டியபடியே அம்மா நின்றாள். ஊசி குத்திக் கன்றிப்போன அந்தக் கை இறங்கவேயில்லை.