கண் முகாமில் பேப்பர் கப்

செஞ்சிக்கு வெளியே இருக்கிற காலனிப் பள்ளிக்கூடத்தைச் சாயங்காலத்தில் எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்று ஆரம்பித்து வைத்ததே ஃபாதர்தான். சர்ச்சிலிருந்து தையல் மிஷின் வந்தது, டியூஷன் வந்தது. பெற்றோர் குழுத் தலைவி கலைச்செல்வி ஊருக்குள்ளும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். இன்றைக்குக் கண் பரிசோதனை முகாம். ஊர்க்காரர்களும் வந்து காலனி ஜனத்தோடு வரிசையில் நின்றதைப் பார்த்து அவளுக்கு மனசு நிறைந்துபோனது. டீ கொடுக்கிற வரைக்கும்தான்.

காலனிக்காரர்கள் கையில் எவர்சில்வர் டம்ளர். ஊர்க்காரர்கள் கையில் பேப்பர் கப்.

காலையில் அந்த டம்ளர்களைத் தேய்த்துக் கழுவியவளே அவள்தான். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே ஃபாதரிடம் போனாள்.

"இன்னா ஃபாதர் இது? யாரு வாங்கியாந்தது இந்தக் கப்பை?"

"நான்தாம்மா. அவங்க இங்க வந்ததே பெருசு. கொஞ்சம் கொஞ்சமா மாறுவாங்க. நீ டென்ஷன் ஆகாத."

"எங்க பள்ளிக்கூடத்துல வந்து உக்காருவாங்க, எங்க டம்ளர்ல குடிக்க மாட்டாங்களா? அதுக்கு நீங்களே வழி பண்ணித் தருவீங்களா?"

மிச்சமிருந்த கப்புகளை மொத்தமாக அள்ளி டீ அடுப்பில் போட்டாள். ஒரு டம்ளர் நிறைய டீ ஊற்றி அவர் முன்னால் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க குடிங்க ஃபாதர். அவங்க பாக்கட்டும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதர் டம்ளரைப் பார்த்தார், ஊர்க்காரர்களைப் பார்த்தார்.

"இப்பதாம்மா குடிச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நாற்காலிக்கு அடியில் பேப்பர் கப் ஒன்று காலியாகக் கிடந்தது.