சிவப்பாகத் தெரிய வேண்டிய இலைகள்

தக்காளிச் செடியோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டியவளுக்கு முடிவைப் பார்க்க ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆய்வுக்கூடத்தின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டாள். முதல் நாற்றுத் தட்டு பச்சை. இரண்டாவதும் பச்சை. கடைசித் தட்டுவரை அப்படியே. அழுகை வருமென்று கொஞ்சம் காத்திருந்தாள்; வரவில்லை. பதிவேட்டில் தேதி போட்டாள்.

செடியை வாயில்லா அப்பாவி என்று நினைத்துவிட வேண்டாம். வைரஸ் நுழைந்ததும் அந்த வைரஸின் மரபுச் சரத்தைத் துண்டு துண்டாக நறுக்கும். அந்தத் துண்டையே அடையாளமாக வைத்து மிச்சத்தையும் தேடிப் பிடித்து வெட்டும். வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டே! வைரஸ் ஒரு புரதத்தை ஏவி அந்த அடையாளத் துண்டுகளையே அள்ளி அமுக்கிக்கொள்ளும். அப்புறம் காவல்காரன் யாரைப் பிடிப்பான்? அதனால்தான் செடிக்குள் துண்டுகள் மூட்டை மூட்டையாகப் பெருகும்படி செய்திருந்தாள். எத்தனையைத்தான் அள்ளும் என்ற தைரியம். அள்ளிவிட்டது.

வேவு பார்க்க ஒளிரும் மரபணு ஒன்றையும் சேர்த்திருந்தாள். காவல் நடக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும், ஊதா விளக்கில் இலையின் பச்சையம் சிவப்பாகத் தெரியும். காவல் கவிழ்ந்தால் பச்சையாக ஒளிரும்.

கதவு தட்டும் சத்தம். அண்ணன். இரண்டு வருஷமாகத் தோட்டம் முழுவதையும் வைரஸுக்குத் தின்னக் கொடுத்தவர். இந்தச் செடி தேறினால் நடுவது, இல்லையென்றால் நிலத்தை விட்டுவிட்டு லாரி ஓட்டப் போவது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். இன்றைக்கு முடிவு தெரியும் என்று உளறியவள் இவள்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பாதுகாப்புக் கண்ணாடியை அவரிடம் நீட்டினாள். மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அடேயப்பா! பாப்பா, சாதிச்சுட்டியே! என்ன பச்சை, என்ன பச்சை!" நாற்பத்திரண்டு வயதிலும் அவருக்கு இவள் பாப்பாதான். "நாளைக்கே உழவு ஆரம்பிச்சுடறேன். லாரியாவது மண்ணாங்கட்டியாவது!"

"அண்ணே." யாரோ பேசுவதுபோல அவள் குரல் அவளுக்கே கேட்டது. "இந்த விளக்குல பச்சைன்னா வைரஸ் ஜெயிச்சிடுச்சுன்னு அர்த்தம். சிவப்பாத்தான் தெரியணும்."

"ஒண்ணுகூடவா தேறல?"

"ஒண்ணுகூட இல்ல."

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தாலும் அவளுக்கு உறைத்திருக்காது. எரிக்க வேண்டிய செடிகளுக்கான பையை விரித்துவிட்டு, விளக்கை அணைக்கக் கையை நீட்டினாள்.

"இரு பாப்பா, அணைக்காதே. இத்தனை செடி மொத்தமாப் பச்சையா நின்னு நான் பாத்து ரெண்டு வருஷமாச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிடறேன்."

அவள் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.