தூணைச் சுற்றி வந்த முத்து

பதினைந்து மாதம் ஒரே தறியில் கழுத்து ஒடிய முடிச்சுப் போட்டும், தான் நெய்த டிராகனை நா செங்ஃபூ முழுசாகப் பார்த்ததில்லை. தூண் கம்பளம் அப்படித்தான். விரித்துப் போட்டால் உடம்பு துண்டு துண்டாகக் கிடக்கும். தூணில் சுற்றி இரண்டு ஓரமும் கூடினால்தான் டிராகன் வளைந்து வளைந்து மேலே ஏறும். அது துரத்துகிற முத்திலும் இடது ஓரத்துப் பாதி செங்ஃபூ போட்டது. வலது ஓரத்துப் பாதி அவன் மனைவியின் தம்பி மா யூபாவ் போட்டது.

நிங்ஷியாவிலிருந்து நாற்பது நாள் ஒட்டகப் பயணம். இன்று பீஜிங் அரண்மனையில் சுற்றப் போகிறார்கள். செங்ஃபூவுக்கு நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி அடித்தது. முத்து சேர்ந்தால் மற்ற ஏழு தூணுக்கான கம்பள வேலையும் அவர்கள் பட்டறைக்கே. பேரரசர் மண்டபத்தில் மழை தரும் டிராகனின் முத்து பிளந்து நின்றால் மழையே பொய்க்கும் என்பார்கள். அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியுமா?

ஏணியில் ஏறிச் சுற்றினார்கள். ஓரங்கள் நெருங்கி வந்தன, நெருங்கி வந்தன, நின்றுவிட்டன. நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு அரக்கு இளித்தது.

"நெய்யறதுக்கு முன்னாலேயே இங்க வந்து கயிறு பிடிச்சு நானே அளந்தேனே!" என்று அலறினான் செங்ஃபூ.

"போன மாசம் தூணுக்குப் புதுசா அரக்குப் பூசினாங்க," என்றார் அரண்மனை மேற்பார்வைக்காரர் ஃபான்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஐயா?"

"தூண் குண்டானா தறிக்காரனுக்கு ஓலை விடணுமாக்கும்!"

யூபாவ் சிரித்தான்.

"சிரிக்கிறியாடா பாவி?"

"மாமா, நான் குறுக்கே ஓடுற ஊடை இழையைத் தளர விட்டா என்னன்னு திட்டுவே?"

"பசிச்ச ஒட்டகத்தோட உதடு மாதிரி தொங்குதுன்னு."

"அந்த உதட்டை இப்போ இழுத்துப் பாப்போமா?"

செங்ஃபூ துள்ளினான். கம்பளத்தை இறக்கிக் கவிழ்த்தார்கள். யூபாவ் வாய் நிறையத் தண்ணீர் எடுத்துப் பின்பக்கம் பனி மாதிரி ஊதினான்.

"அரண்மனைச் சொத்துல துப்புறானே!" ஃபான் குதித்தார்.

"தறிக்காரன் இப்படித்தான் நனைப்பான் ஐயா!" என்றான் செங்ஃபூ.

மறுபடி சுற்றினார்கள். பக்கத்துக்கு நாலு பேராக இழுத்தார்கள். அரை விரல். ஒரு கோதுமை மணி. ஒரு மயிரிழை. தொட்டுவிட்டது! செங்ஃபூ பல்லைக் கடித்துக்கொண்டு ஓரக் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

முத்து முழு நிலவாக நின்றது. செங்ஃபூ தூணைச் சுற்றி ஓடினான். அவனோடு டிராகனும் ஐந்து நகம் விரித்துச் சுற்றி ஏறியது.

"மீதி ஏழையும் அளந்துக்கோங்க," என்றார் ஃபான். "மறுபடி அரக்குப் பூசினா?"

"எத்தனை பூச்சு வேணா பூசுங்க ஐயா!" மூச்சு வாங்கியபடி யூபாவின் தோளில் கை போட்டான் செங்ஃபூ. "இனிமே ஊடை முழுக்க இவன்தான் விடுவான்."