பரமட்டாவுக்குப் போகாத கலவை

சாப்பிட எதுவும் வேண்டாம் என்று நாகராஜன் மூன்று முறை சொல்லியிருந்தார். வியாழக்கிழமை போனில் ஒரு முறை, நேற்று வாட்ஸப்பில் ஒரு முறை, இன்று சிட்னி ஹோம்புஷில் நண்பர் சிவபாலனின் ஃப்ளாட் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு முறை. யாருக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? உள்ளே நுழைந்தால் மேசை நிறைய உளுந்து வடை, கடலை வடை, ஒரு கிண்ணம் தேங்காய்ச் சம்பல். சம்பலின் சிவப்பைப் பார்த்ததுமே அவருக்குக் காது சுட்டது.

"சிஸ்டர், பைப் புகையிலை டேஸ்ட் பண்ண வந்திருக்கேன். நாக்கு சுத்தமா இருக்கணும். காலையிலேருந்து வெறும் பிரெட்டும் வெந்நீரும்தான்."

"அதைத்தான் நானும் சொல்லுறன், அண்ணை," என்றாள் சிவபாலனின் மனைவி யோகா. "காலமை முழுக்க வெறும் பாணைத் திண்டுபோட்டு வந்திருக்கிறியள். வந்த ஆளை அப்பிடியே கராஜுக்கை அனுப்புறதே? உங்களுக்கெண்டு இண்டைக்கு மீன்கூடக் குசினிக்குள்ள எடுக்கேல்ல. ரெண்டே ரெண்டு வடை."

யோகாவின் கணக்கில் இரண்டு என்றால் நான்கு. வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும், முகம் வாடினால் சிவபாலன் வந்து "என்ன, எங்கட வீட்டில சாப்பிட மாட்டீங்களோ?" என்று தொடங்குவார். நாகராஜன் நான்கு வடையும் தின்றார். சம்பல் தொண்டையில் இறங்கியபோது கண்ணில் நீர் வந்தது. பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக ருசி பார்ப்பதே அவருக்கு உத்தியோகம். கிரீமில் வனிலா ஒரு சொட்டு கூடினாலும் கண்டுபிடித்துவிடுகிற நாக்கு அது. அந்த நாக்கு இப்போது தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் இது விளையாட்டுக் காரியம் இல்லை. இன்று மாலை நான்கு மணிக்குப் பரமட்டாவில் பைப் கிளப்பின் வருடாந்தரப் போட்டி. கடையில் வாங்கிய நாலைந்து வகைப் புகையிலைகளைத் தன் கைப்பக்குவத்தில் கலந்து, ஐம்பது கிராம், பேர் எழுதாத பாட்டிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எல்லோரும் பிடித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த போட்டி வரைக்கும் அதுதான் கிளப்பின் கலவை. பன்னிரண்டு பேரில் இவர்கள் இருவர்தான் தமிழர்கள். நாகராஜன் போட்டியில் கலந்துகொள்வதில்லை. சிவபாலனோ ஒன்பது வருஷமாகக் கலந்துகொண்டு ஒன்பது வருஷமும் பாட்டிலை வைத்தது வைத்தபடி திருப்பிக் கொண்டுவந்தவர். போன தடவை ஒரு கிழவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்டரஸ்டிங்" என்றார். இந்த ஊரில் நீங்கள் செய்த பண்டத்தை ஒருவர் இன்டரஸ்டிங் என்றால் பேசாமல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

"இந்த முறையும் இல்லையெண்டா கிளப்பும் வேண்டாம், பைப்பும் வேண்டாம். முழுக்க விடுறன்," என்று சிவபாலன் சொல்லியிருந்தார். வெறும் பேச்சில்லை, மனுஷன் சொன்னால் செய்துவிடுவார். நாகராஜனின் வயிற்றெரிச்சலுக்குச் சம்பல் பாதிக் காரணம், அந்தச் சபதம் மீதிக் காரணம். கெல்லிவில்லில் நாகராஜன் ஐந்து படுக்கையறை வீடு கட்டியும் ஒரு பைப் பிடிக்க இடம் கிடையாது. மனைவி பத்மா திரைச்சீலையை முகர்ந்து பார்ப்பாள். சனிக்கிழமை மத்தியானம் சிவபாலனின் கராஜ் ஒன்றுதான் கதி. புகையிலையைப் பற்றி இரண்டு மணி நேரம் தமிழில் பேச இந்த சிட்னி முழுக்கத் தேடினாலும் வேறு ஆள் இல்லை.

கராஜில் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு இரண்டு கதிரைகள் போட்டிருந்தார் சிவபாலன். பால்கனியில் புகைக்கக்கூடாது என்று ஃப்ளாட் கமிட்டியிலிருந்து கடிதம் வந்த நாளிலிருந்து இங்கேதான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கல்யாணத்துக்குப் போகிற கோலம். முழங்காலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் குழந்தை மாதிரி உட்காரவைத்திருந்தார்.

"உண்மையைச் சொல்ல வேணும், நாகராஜன். நல்லா இல்லையெண்டா இல்லை எண்டு சொல்ல வேணும்."

"எப்ப நான் பொய் சொல்லியிருக்கேன்?"

"இல்லை, மற்ற ஆக்கள் எல்லாரும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டுதானே சொல்லுறவை."

நாகராஜன் கைக்குட்டையைப் பிரித்துப் புதிய மண் பைப்பை எடுத்தார். மரப் பைப்பில் பழைய புகையிலையின் வாசம் ஏறிக் கிடக்கும்; தீர்ப்புச் சொல்ல மண் பைப்தான் சரி. ஒரு சிட்டிகை எடுத்து விரலால் நசுக்கினார். ஈரம் சரியாக இருந்தது. இழைகளும் ஒரே சீராக இருந்தன. நன்றாகத்தான் மெனக்கெட்டிருக்கிறார்.

"முதல்ல ஒரு வைக்கோல் மணம் வரும், பாருங்கோ," என்றார் சிவபாலன்.

"நான் இன்னும் பத்த வைக்கவே இல்ல."

"பத்த வைச்சதும் வரும். பிறகு காய்ஞ்ச அத்திப்பழம். அதுக்குப் பிறகு..."

"ஐயா சாமி! தீர்ப்பை நீங்களே எழுதிட்டா நான் எதுக்கு? இருபது டாலர் டோல் கட்டி வடை திங்கவா வந்தேன்?"

நாகராஜன் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். மீன் வாடை அடித்தது. மேல்வீட்டில் யாரோ பொரிக்கிறார்கள் போலிருக்கிறது, சனியன், இன்றைக்குப் பார்த்தா என்று நினைத்துக்கொண்டார். தளர்வாக நிரப்பி, அமுக்கி, தீக்குச்சியைக் கிழித்து, வட்டமாகச் சுற்றிக் காட்டி, முதல் இழுப்பை இழுத்தார்.

இரண்டு விநாடி ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது விநாடி புரிந்தது. ஐம்பத்தொன்பது வருஷமாக முட்டையைக்கூடத் தொடாத வாய் அது. அதற்குள் இப்போது இருந்தது கருவாடு. சந்தேகமே இல்லை, சாட்சாத் நெத்திலிக் கருவாடு. ராயப்பேட்டையில் குடியிருந்த காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த கடையின் அதே வாடை, புகையாக வந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"கர்மம்! கர்மம்!" கராஜ் மூலையிலிருந்த குழாய்க்கு ஓடினார். கொப்பளித்தார், துப்பினார், மறுபடி கொப்பளித்தார். "யோவ், என்னய்யா கலந்தீங்க இதுல? கருவாடய்யா இது! கருவாடு!"

சிவபாலன் எழுந்து நின்றார். "கருவாடோ? சும்மா பகிடி விடாதேங்கோ."

"பகிடியா? நீங்களே மோந்து பாருங்க!"

சிவபாலன் பாட்டிலை வாங்கினார். கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"வெய்யில் பட்ட வைக்கோல்," என்றார் மெதுவாக. "கொஞ்சம் அத்திப்பழம். அடியில ஒரு பழைய தோல் மாதிரி."

நாகராஜனின் வாயிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வார்த்தைகள் எல்லாம் சனிக்கிழமைகளில் நாகராஜனே சொன்னவை. வைக்கோல் அவர் சொன்னது, அத்திப்பழம் அவர் சொன்னது, பழைய தோலும் அவர் சொன்னதுதான். அலமாரியில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் டர்பன்டைன் பாட்டில் இருந்தது. எடுத்து மூடியைத் திறந்தார்.

"கண்ணைத் திறக்காதீங்க. இது என்ன, சொல்லுங்க."

பாட்டிலைச் சிவபாலனின் மூக்குக்குக் கீழே பிடித்தார். தள்ளி நின்ற நாகராஜனுக்கே கண் எரிந்தது. சிவபாலன் ஆழமாக இழுத்தார்; ஒரு கணம் தயங்கினார்.

"வேர்ஜீனியாப் புகையிலை," என்றார். "நல்ல வேர்ஜீனியா."

நாகராஜன் மூடியைத் திருகி மூடினார். "எத்தனை நாளா?"

சிவபாலன் கண்ணைத் திறந்தார். டர்பன்டைன் பாட்டிலைப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார்.

"போன ஜூன் காய்ச்சலோட போனது. ஒரு மாசத்தில வரும் எண்டு டொக்டர் சொன்னவர். வரேல்ல. உறைப்புத் தெரியும், உப்புத் தெரியும். மணம் ஒண்டும் இல்லை."

"பத்து மாசம்! பத்து மாசமா இங்க உக்காந்து ஓம் ஓம்னு தலையாட்டினீங்களே! நான் ஒரு கூமுட்டை, லட்டாக்கியா இலை கூடிப்போச்சு, பர்லி இலை குறைச்சல்னு தொண்டை கிழியப் பேசிட்டு இருந்தேன். யார்கிட்டய்யா பேசினேன் நான்? சுவத்துக்கிட்டயா?" கோபத்தில் தொடங்கிய குரல் பாதியில் உடைந்தது. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது. "சிஸ்டருக்காவது தெரியுமா?"

"தெரியாது. அவ சமைக்கிறதை நான்தானே முதல்ல ருசி பாத்துச் சொல்லுறனான். ஒவ்வொரு நாளும் நல்லாயிருக்கு எண்டு சொல்லுறன். வேற என்னத்தைச் சொல்ல?"

"மூக்கு இல்லாம எதை வச்சுக் கலந்தீங்க?"

சிவபாலன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு பக்கம். தேதி, புகையிலையின் பேர், அதற்குக் கீழே 'நாகராஜன் சொன்னது'. எதில் வைக்கோல் வாசம், எதில் எவ்வளவு சேர்த்தால் கசக்கும், எது நாக்கைக் கடிக்கும் என்று அவர் போகிறபோக்கில் உளறியதெல்லாம் மணிமணியான எழுத்தில் இருந்தது. கோபத்தில் சொன்னதும் இருந்தது, பத்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்து கரித்துக் கொட்டியதும் இருந்தது. நவம்பர் மாதப் பக்கத்தில் ஒரு வரிக்குச் சிவப்பில் அடிக்கோடு போட்டிருந்தது. 'பழைய சூட்கேஸைத் திறந்த மாதிரி ஒரு வாசனை வரணும்யா. அதுதான் புகையிலை.'

"இதை..." என்றார் நாகராஜன். மேலே கேட்கப் பயமாக இருந்தது.

"கலந்து, துணியில கட்டி, மூண்டு மாசம் சூட்கேஸுக்கை வைச்சனான். வீட்டில இருந்த பழசு அது ஒண்டுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னம் யோகான்ர தங்கச்சி ஊரிலயிருந்து சாமான் கொண்டந்த பெட்டி."

"என்ன சாமான்?"

சிவபாலன் யோசித்தார். "மிளகாய்த்தூள் கொண்டந்தவ. பிறகு..." நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ."

நாகராஜனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை யாராவது கேட்டால் விழுந்து விழுந்து சிரித்துச் சொல்லலாம். இப்போது அந்த மண் பைப்பைப் பார்க்கப் பார்க்க வேறு ஒரு சந்தேகம் அரித்தது. மறுபடி பற்ற வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு இழுப்பு இழுத்தார். ஒரு வாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததை ருசி பார்ப்பதற்குத்தானே கம்பெனி சம்பளம் கொடுக்கிறது? கருவாட்டை ஒதுக்கினார். மிளகாய்த்தூளையும் ஒதுக்கினார். கீழே இருந்தது சரியாக இருந்தது. இனிப்பு கூடவில்லை, கசப்பு இல்லை, நாக்கைக் கடிக்கவில்லை. பதினோரு வருஷமாக நாகராஜன் எதைத் தேடிக் கடை கடையாக அலைந்தாரோ, அதை மோப்பமே இல்லாத ஒரு மனுஷன் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு கலந்துவிட்டிருக்கிறார். கெடுத்தது நாகராஜனின் அந்த ஒரே ஒரு சூட்கேஸ் வாக்கியம்.

"சனியன் பிடிச்ச வாய்," என்றார், தன்னைத்தானே.

சிவபாலனுக்கு அது கேட்கவில்லை. பாட்டிலை மூடி நிலத்தில் வைத்திருந்தார். "மூண்டரை ஆகுது. நீங்கள் போங்கோ, நாகராஜன். நான் வரேல்ல எண்டு சொல்லிவிடுங்கோ. இனி நான் வந்து என்ன செய்யுறது? சனிக்கிழமையிலயும் உங்களை மினக்கெடுத்தக் கூடாது."

"அப்ப இத்தனை நாள் எதுக்கய்யா உக்காந்திருந்தீங்க? ஒரு மண்ணும் தெரியாத புகையை இழுத்துக்கிட்டு?"

"நீங்கள் சொல்லேக்க எனக்கு மணக்கும்," என்றார் சிவபாலன். "நீங்கள் வீட்ட போனாப் பிறகு இல்லை. நீங்கள் இருந்து சொல்லேக்க மட்டும், உண்மையா, மணக்கும்."

நாகராஜன் ஷட்டருக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஒரு பெண் காரைப் பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு எடுத்து, மறுபடி பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். அவள்மேலும் அவருக்குக் கோபம் வந்தது.

"கிளப்பாவது மண்ணாங்கட்டியாவது," என்றார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பேனா இருக்கா?"

பையைத் துழாவி இரண்டாவது மண் பைப்பை எடுத்தார். எதுவும் கலக்காத வெறும் வேர்ஜீனியா ஒரு பொட்டலம் இருந்தது, அதை நிரப்பினார். வாயை இன்னொரு தரம் கழுவிவிட்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பற்ற வைத்தார். புகை வந்தது. சிவபாலன் நோட்டைத் திரும்ப வாங்கிப் புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

நாகராஜன் வாயைத் திறந்தார். வைக்கோல் என்று சொல்ல வந்தார். வைக்கோல்தானா? எந்த வைக்கோல், புதுசா, மழையில் நனைந்து காய்ந்ததா? இன்னொரு இழுப்பு இழுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிஸ்கட்டுக்கும் அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது கிடையாது.

"சொல்லுங்கோ," என்றார் சிவபாலன், கண்ணைத் திறக்காமல்.

"இருங்கய்யா!" என்று கத்தினார் நாகராஜன். "தப்பாச் சொல்லிடக் கூடாது."